கண்ணாடியில் அரை, பாய்லரில் எவ்வளவு?

எங்கள் ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் புதிதாக வைத்திருக்கும் பாய்லரைப் பார்க்கப் போன மாதம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிப் போனவர்கள் ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். இப்போது அவர்களே ஃபோர்மேன்கள். உமி வாரிப் போடும் வேலையில்லை, புகையில்லை. குளிர்ந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர். தண்ணீர் இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு என்று திரையில் எண்கள். அதற்குப் புரோகிராம் எழுதிய கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள போய்ப் பாக்க முடியாது அய்யா. வெளிய என்ன அனுப்புதோ அதை வச்சு உள்ள என்ன நிலைமைன்னு ஊகிக்க வேண்டியதுதான்" என்றார்.

நல்ல பதில். ஆனால் அவர் பேசிய நேரம் முழுக்க நான் அந்தத் தண்ணீர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. "ஸ்டெடியா நிக்கு, பாத்தியளா அண்ணாச்சி?" என்றான் ஃபோர்மேன்களில் ஒருவன், பெருமையாக. நான் வாசல் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த எண் சரியாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. ஆனால் எதற்கு அந்தப் பயம் என்று அவர்கள் கேட்டதால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திரம் வந்த வருடம், நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் இருந்த ஓர் அரிசி மில்லில் உமி சுமக்கச் சேர்ந்தேன். அப்பா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, பயிரிட்ட வயல் கைவிட்டுப் போயிருந்தது. அக்கா செல்லம்மை ஏற்கெனவே அந்த மில்லின் களத்தில், அவித்த நெல்லைக் காயப்போடும் பெண்களில் ஒருத்தியாக இருந்தாள். அவள் சொல்லித்தான் எனக்கு வேலை கிடைத்தது. உமி சுமந்தேன், பிறகு சாம்பல் வாரினேன், பிறகு தீயள்ளிப் போட்டேன், திருவனந்தபுரம் போய்ப் பரீட்சை எழுதிப் பாய்லர் பார்க்கிறவன் என்ற சான்றும் வாங்கினேன். பரீட்சையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் என்னுடைய விடையைப் பார்த்து எழுதுகிறான் என்று எனக்குச் சந்தேகம். முன்னால் இருப்பவன் எப்படிப் பின்னால் பார்ப்பான் என்று வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். என் புத்தி அப்படி.

மில்லில் எனக்கு இட்ட பெயர் வெப்ராளம். பதற்றத்துக்கு எங்கள் பக்கத்துச் சொல். காரணம் இல்லாமல் இல்லை. ஒரு தடவை குழாய்க்குள் 'டொக் டொக்' என்று கேட்டதும் பாய்லர் விண்டுவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டேன். குளிர்ந்த குழாயில் ஆவி நுழையும்போது எழும் சாதாரணச் சத்தம் அது. இன்னொரு தடவை மேலே ஆவி கக்கும் வால்வின் ஓரத்தில் சிவப்பாக ஒழுகி இருந்ததைப் பார்த்து அணைத்தேன். வெறும் துரு. இரண்டு தடவையும் மில் நின்றது. முதலாளியின் மருமகன்தான் மில்லை நடத்தினார். சின்ன முதலாளி என்போம். கெட்டவர் இல்லை. ஆனால் இரண்டாவது தடவை என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "எடே, இன்னொரு மட்டம் சும்மா அணைச்சே, பெறவு இஞ்ச வராண்டாம். ஒனக்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு மேலே இருந்தவர் ஞானாபரணம் மேஸ்திரி. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். சி.எஸ்.ஐ. சபை. ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக் கோவிலுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் யாரையும் நம்ப மாட்டார். நான் சந்தேகப்பட்டால் கை நடுங்கும். அவர் சந்தேகப்பட்டால் முகத்தில் ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம். மில்லில் தண்ணீர் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து குப்பியில் கொண்டு வருவார். கேட்டால், "இந்தக் கொளத்து வெள்ளத்த பாய்லருக்குக் குடுக்கவே எனக்கு மனசில்ல. நான் குடிக்கவா?" என்பார். தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார்.

நான் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் வந்து பக்கத்தில் நிற்பார். "வெள்ளம் எத்தற?"

"அரை இருக்கு மேஸ்திரி."

"கண்ணாடியில அரை. பாய்லர்ல எத்தற?"

முதல் தடவை எனக்குப் புரியவில்லை. பாய்லர் என்பது இரும்புப் பீப்பாய். உள்ளே தண்ணீர், தண்ணீருக்கு நடுவே தீ எரியும் இரும்புக் குகை. அந்தக் குகையின் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். கூரை வெளியே தெரிந்துவிட்டால் அது பழுக்கும், இளகும், பிறகு அந்த மில்லும் களமும் சாலையும் இருக்காது. ஆனால் தண்ணீர் நிற்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. அதற்காக முன்பக்கத்தில் நிமிர்த்தி வைத்த ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதன் மேல்முனை பாய்லரின் ஆவியோடும் கீழ்முனை பாய்லரின் தண்ணீரோடும் இணைந்திருக்கும். உள்ளே எவ்வளவோ கண்ணாடியிலும் அவ்வளவு. இரண்டு வழியும் திறந்திருக்கும் வரை.

"ரெண்டு வழியும் தெறந்திருக்குன்னு எப்பிடித் தெரியும்?" இது மேஸ்திரியின் அடுத்த கேள்வி. எதற்கும் அதுதான் கேள்வி. எப்பிடித் தெரியும்? சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டால்கூட, "நீ கேக்குது எனக்க மேல உள்ள அக்கறையில்னு எப்பிடித் தெரியும்?" என்பார். அக்கா அவரைப் பார்த்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

கண்ணாடியை ஊதுவது என்று ஒரு முறை. பொறுப்பு மாறும்போதெல்லாம் செய்தாக வேண்டும். அடியிலுள்ள வடிகாலைத் திறக்க வேண்டும். தண்ணீர் வழியை மூடினால் ஆவி மட்டும் சீறிக்கொண்டு வரும். அப்படியானால் மேல்வழி சரி. பிறகு ஆவி வழியை மூடித் தண்ணீர் வழியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு வரும், கீழ்வழி சரி. எல்லாம் திருப்பி வைத்து வடிகாலை மூடினால், ஒழிந்து கிடந்த கண்ணாடிக்குள் தண்ணீர் குபுக்கென்று பாய்ந்து ஏறி, இரண்டு தடவை துள்ளி, தன் இடத்தில் வந்து நிற்கும். மெள்ள ஏறினால் எங்கேயோ அடைப்பு. மேஸ்திரி என்னைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். நான் செய்து முடித்ததும் தானே மறுபடியும் முதலிலிருந்து செய்வார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நான் சான்று வாங்கிய பிறகும்தான். எனக்கு அவமானமாக இருக்கும். என்னை ஒழிக்கப் பார்க்கிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

கண்ணாடியைத் தவிர இன்னொரு சாட்சியும் உண்டு. பாய்லரின் முகத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று சின்னக் குழாய்கள். மேலதைத் திறந்தால் ஆவி வர வேண்டும், கீழதைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் தண்ணீரும் வெளியே வந்த உடனே ஆவியாகிவிடும். இரண்டும் வெள்ளைப் புகைதான், இரண்டும் சீறல்தான். தண்ணீர் குழாயின் உதட்டிலேயே வெள்ளையாகப் பூக்கும். சத்தம் கரகரவென்று இருக்கும். உலர்ந்த ஆவி அப்படி இல்லை. குழாய் வாயிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு ஒன்றுமே தெரியாது, வெறும் காற்றுப் போல இருக்கும், அதற்கு அப்பால்தான் வெள்ளை தொடங்கும். அந்த ஒன்றுமே தெரியாத இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கையை வைத்துப் பார்த்தவனுக்குக் கை மிஞ்சாது.

இனி அந்த மாசி மாதத்துக்கு வருகிறேன். நான் சேர்ந்து சில வருடம் கழிந்திருந்தது. எங்கள் பக்கம் இன்னும் திருவிதாங்கூர்–கொச்சியாக இருந்த காலம்.

மாசியில் எங்களுக்கு இரண்டு நெருக்கடி சேர்ந்து வரும். கும்பப்பூ அறுவடையாகி வண்டி வண்டியாக நெல் வந்து நிற்கும். அதே நாட்களில் மண்டைக்காட்டில் அம்மன் கொடைத் திருவிழா. மில்லில் பாதிப்பேருக்குக் கால் தரையில் நிற்காது. எனக்கு முந்தின முறைக்காரன் வேலப்பன். என்னைவிட மூத்தவன், நல்ல தடி, பாட்டுக்காரன். சான்றுப் பரீட்சையில் தேறாதவன். அந்தக் காலையில் நான் போனபோது குளித்து, வேட்டி மாற்றி, நெற்றி நிறையத் திருநீறோடு நின்றான்.

"தாணு, வாரும் வேய். கண்ணாடிக்க அடியில சொட்டிக்கிட்டுக் கெடந்துல்லா? சரி பண்ணியாச்சு. இனி ஒரு சொட்டு விழாது."

கண்ணாடியின் கீழ்முனையைச் சுற்றி இறுக்கிய கயிறு போன்ற அடைப்பு நைந்துபோய் ஒரு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. புது அடைப்பு வாங்கித் தரும்படி மேஸ்திரி சின்ன முதலாளியிடம் கேட்டிருந்தார். வரவில்லை.

"எதை வச்சு அடைச்சீரு?"

"எல்லாம் இருக்கு. கொடைக்குப் போறவன் பாக்கி வச்சிட்டுப் போகப்பிடாது. வரட்டா?" அவன் பஸ்ஸுக்கு ஓடினான்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இவன் எதற்கு எனக்காக மெனக்கெட வேண்டும்? குனிந்து பார்த்தேன். சொட்டு நின்றுதான் இருந்தது. மரை நன்றாக இறுகி இருந்தது. கண்ணாடியை ஊதினேன். ஆவி சீறியது, தண்ணீர் பீறியது, வடிகாலை மூடியதும் குபுக்கென்று ஏறி அரையில் நின்றது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேஸ்திரி வந்து, வழக்கம்போல் தானும் ஒரு தடவை ஊதிப் பார்த்தார். பிறகு, எந்திரத்துக்கு ஒரு பெல்ட் வாங்க வேண்டும் என்று சைக்கிளில் நாகர்கோவிலுக்குப் போனார்.

வெயில் ஏறியது. களத்தில் பெண்கள் காலால் நெல்லைக் கோதிவிடும் சரசரப்பு பாய்லர் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. பாய்லருக்கும் களத்துக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். தொட்டிகளில் நெல் அவிந்துகொண்டிருந்தது. பிரஷர் முள் தன் இடத்தில் நின்றது. கண்ணாடியில் அரை. தண்ணீர் குறைந்தால்தானே பம்பைத் திறக்க வேண்டும்? குறையவில்லை. நான் உமி தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. தொட்டிக்கு ஆவி போய்க்கொண்டே இருக்கிறது. நான் இவ்வளவு நேரமாகத் தண்ணீர் விடவே இல்லை. பிறகு ஏன் குறையவில்லை? ஆவி எங்கிருந்து வருகிறது?

கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே கொதிக்கிற தண்ணீர் கண்ணாடியிலும் சும்மா இருக்காது. மூச்சு விடுவது போல ஏறி இறங்கும், மேல்மட்டம் எப்போதும் நடுங்கும். இது நடுங்கவில்லை. குடத்தில் வைத்த தண்ணீர் மாதிரி நின்றது. விரல் நகத்தால் மட்டத்துக்கு நேரே, கண்ணாடியைச் சுற்றிக் காவலாக இருந்த பித்தளைக் காப்பின் கரியில் ஒரு கீறல் போட்டுவிட்டு உமி தள்ளப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கீறலுக்கு மேலே இருந்தது. நூலிழை அளவுதான். ஆனால் மேலே.

தண்ணீர் விடாத பாய்லரில் தண்ணீர் ஏறுகிறது.

கீழ்வழி அடைத்துக்கொண்டது என்று அப்போதே புரிந்துவிட்டது. மேலே இருந்து வரும் ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக்குள் சேர்கிறது. நான் இத்தனை நேரம் பார்த்தது பாய்லரை அல்ல, கண்ணாடிக்குள் அடைபட்ட வேறொரு தண்ணீரை. ஊதிப் பார்த்தேன். ஆவி வந்தது. தண்ணீர் வழியில் ஒன்றும் வரவில்லை, ஒரு முக்கல் மட்டும். காலையில் இரண்டு பேர் செய்த சோதனை காலைக்கு மட்டும்தான் உண்மை.

நடுக்குழாயைத் திறந்தேன். ஆவி. கீழ்க்குழாயைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தேன். வெள்ளை தெரிந்தது, ஆனால் உதட்டில் இல்லை. ஒரு விரல் நீளத்துக்குச் சுவர் தெரிந்தது.

தண்ணீர் அதற்கும் கீழே. எவ்வளவு கீழே என்று சொல்ல எந்தச் சாட்சியும் இல்லை. குகையின் கூரை நனைந்திருக்கிறதா, காய்ந்து பழுத்திருக்கிறதா, உலகத்தில் யாருக்கும் தெரியாது. அல்லது ஒருவேளை இதுவும் 'டொக் டொக்' மாதிரி என் புத்தியின் கோளாறாக இருந்தால்? குழாய் வாயைப் பயத்தில் தப்பாகப் பார்த்திருந்தால்? அணைத்தால் மூன்றாவது தடவை. வீட்டில் அக்காவின் கூலியும் என் சம்பளமும் சேர்ந்துதான் அடுப்பு எரிகிறது. சுவருக்கு அப்புறம் அக்காவின் குரல் கேட்டது. யாரையோ, "ஏட்டி, ஒனக்க காலுக்கு என்ன களிம்பா பூசியிருக்கு? இழுத்துக் கோது" என்று கேலி செய்துகொண்டிருந்தாள்.

ஈரச் சாம்பலை வாரித் தீயின் மேல் கொட்டினேன். மூடுகிற வரை கொட்டினேன். புகைபோக்கியின் கதவை அடைத்தேன். பிறகு களத்துப் பக்கம் போய்க் கத்தினேன்: "அக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போ!"

"வெப்ராளம் வந்தாச்சுட்டீ" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "நெல்லு கெடக்கட்டு. வாங்கட்டீ" என்று முறத்தைப் போட்டுவிட்டு நடந்தாள்.

சின்ன முதலாளி உள்ளே வந்தபோது வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "ஏம்லே அணைச்சே?"

"தண்ணி இல்ல மொதலாளி."

"கண்ணாடியில அரைக்கு மேல நிக்குல்லா? ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? முள்ளும் சரியாத்தான் நிக்கு."

"அது பொய்யாக்கும் மொதலாளி. கீழ்க்குழாயில ஆவி வருகு."

பிறகு, யாருக்கும் தோன்றுவதுதான் அவருக்கும் தோன்றியது. "தண்ணி இல்லேன்னா தண்ணிய விட வேண்டியதுதானே மூதி! பம்பத் தெற!"

பம்பின் வால்வை நோக்கி அவரே போனார். பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் ஒரே நொடியில் ஆவியாகிப் பாய்லரையே பிளந்துவிடும் என்று விளக்க நேரமில்லை, எனக்கு வாயும் வராது. நான் முந்திப் போய் அந்த வால்வுச் சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சக்கரத்தின் சூடு மார்பில் ஏறியது. அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். முடியைப் பிடித்தும் இழுத்தார். "விடுலே, கோட்டிக்காரப் பயலே!" நான் விடவில்லை. நான் வீரன் என்று நினைக்க வேண்டாம். விட்டால் செத்துப்போவேன் என்ற பயத்தில் பிடித்திருந்தேன், மரத்தில் ஏறினவன் கிளையைப் பிடிக்கிற மாதிரி.

அந்த நிலையில்தான் மேஸ்திரி தோளில் பெல்ட்டோடு வந்து சேர்ந்தார். இரண்டு பேரையும் பார்த்தார். என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். "வெள்ளம் இல்லேன்னு எப்பிடித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

உட்கார்ந்தபடியே சொன்னேன். கண்ணாடி ஆடாததை, கீறலுக்கு மேலே ஏறியதை, குழாய் வாயில் தெரிந்த வெற்றிடத்தை. அவர் கீழ்க்குழாயைத் தானே திறந்து, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார். மூடினார்.

"ஆறட்டு. தொறந்து பாப்போம்."

"நீரும் இவனுக்கு ஒத்தா? தண்ணி இல்லேன்னா கூரையில வச்ச ஈயம் உருகித் தீயை அணைச்சிருக்கணும்லா? உருகல்லியே?" என்றார் சின்ன முதலாளி. குகையின் கூரையில் அப்படி ஓர் ஈயத் திருகு உண்டு. கடைசிக் காவல் அது.

"ஈயத்துக்க மேல எத்தற உப்புக் காரை பிடிச்சுக் கெடக்குன்னு ஒமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் மேஸ்திரி.

பாய்லர் ஆற மறுநாள் ஆனது. அதுவரை உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நாளைப் போல என் ஆயுளில் இன்னொரு நாள் இல்லை. தொட்டியில் பாதி அவிந்த நெல் புளித்து நாற்றமெடுத்தது. நெல் கொண்டு வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முதலில் வேலப்பனைச் சந்தேகப்பட்டேன். நான் சான்று வாங்கியதில் அவனுக்கு எரிச்சல். வேண்டுமென்றே அடைத்துவிட்டுப் பஸ் ஏறினான். பிறகு மேஸ்திரியைச் சந்தேகப்பட்டேன். சரியாக அந்த நேரத்தில் எதற்கு பெல்ட் வாங்கப் போனார்? கடைசியில் சந்தேகம் என்னிடமே வந்து நின்றது. அந்த வெற்றிடத்தை உண்மையாகவே பார்த்தேனா, பார்க்க விரும்பினேனா?

திறந்த அன்று வேலப்பனும் கொடை முடிந்து வந்துவிட்டான். கையில் ஓலைப்பெட்டியில் அம்மனுக்குப் படைத்த மண்டையப்பம். நடந்தது எதுவும் தெரியாமல் எல்லோருக்கும் நீட்டினான். மேஸ்திரி அதை வாங்காமல், கண்ணாடியின் கீழ்முனையைக் கழற்றி, வழிக்குள் ஒரு கம்பியை விட்டு இழுத்தார். மஞ்சளாக, பிசுபிசுவென்று, நூல் நூலாக நீண்டு வந்தது.

"என்னவாக்கும் இது?"

வேலப்பன் எட்டிப் பார்த்தான். முகத்தில் கள்ளம் ஒரு துளி இல்லை. "சக்கைப் பசையாக்கும் மேஸ்திரி."

பலாப்பழத்தை வெட்டும்போது வரும் பாலைக் கம்பில் சுற்றி வைத்திருப்பார்கள். ஒழுகுகிற வாளிக்கும் வள்ளத்துக்கும் தீயில் காட்டிப் பூசுவது எங்கள் வீடுகளில் வழக்கம். கல்லாக இறுகிவிடும். அவன் நூலில் அதைத் தோய்த்து அடைப்பாக வைத்து இறுக்கியிருக்கிறான். பாய்லர் சூட்டில் அது இளகிக் கண்ணாடியின் அடிவாய்க்குள் ஒழுகி அடைத்துவிட்டது.

"எங்க வீட்டு வாளியில போட்டு மூணு வருசமாச்சு. இதுவர ஒழுகினதில்ல, கேட்டியளா" என்றான் வேலப்பன்.

"வாளி கொதிக்காதுல்லா, வேய்" என்றார் மேஸ்திரி. அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வேலப்பனை நான் ஒரு நாள் முழுக்கக் கொலைகாரனாக நினைத்திருந்தேன். அவன் அப்பத்தை என் கையில் திணித்தான். வாங்கிக்கொண்டேன்.

பாய்லரின் மேல்வாயைத் திறந்து விளக்கை இறக்கினார்கள். மேஸ்திரி சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே கவிழ்ந்து, கூரையின் மேல் கையை வைத்துப் பார்த்தார். வெளியே வந்து நனைந்த விரல்களைக் காட்டினார். கூரைக்கு மேல் இரண்டு விரற்கடைத் தண்ணீர் இருந்தது. ஈயத் திருகின் தலையில் காரை ஓடு மாதிரி மூடியிருந்தது. ஈயம் உருகினாலும் துளை திறந்திருக்காது. அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

தண்ணீர் இருந்திருக்கிறது.

சின்ன முதலாளி அமைதியாகத்தான் சொன்னார். "கண்ணாடி அடைச்சது உள்ளது. அதை நான் மறுக்கல்ல. ஆனா கூரை நனைஞ்சுதான் கெடந்திருக்கு. பம்பைத் தெறந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நெல்லெல்லாம் போச்சு. இது மூணாவது மட்டம் தாணு. நான் சொன்னது சொன்னதுதான்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. பம்பைத் திறந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடியை நம்பி உமி தள்ளியிருந்தால்தான் வேறு கதை. நடக்காத ஒன்றை யாருக்கு எப்படிக் காட்டுவது? மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "உள்ள எத்தற இருக்குன்னு ஒனக்குத் தெரியல்ல. தெரியல்லங்குது ஒனக்குத் தெரிஞ்சுது. போரும்." எனக்காக முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை அக்காவைக் கூலிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். போன கொஞ்ச நேரத்தில் வேலப்பன் சைக்கிளில் வந்தான். "ஏறும் வேய். அங்க பெண்டுவ கேட்டுக்கு வெளிய நிக்காளுவ. உள்ள வர மாட்டேங்காளுவ."

போனபோது களம் வெறிச்சோடிக் கிடந்தது. வண்டிகள் சாலை வரை நின்றன. கேட்டுக்கு வெளியே பெண்கள் கடவப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன முதலாளி நடுவில் நின்றார்.

"செல்லம்மே, அதான் சொல்லுகேன்லா. கண்ணாடிக்குப் புது அடைப்பு வாங்கியாச்சு. ஈயமும் மாத்தியாச்சு. பாய்லர்ல ஒரு கொழப்பமும் இல்ல. பின்ன என்ன பயம்?"

"எங்களுக்கு ஒரு பயமும் இல்ல மொதலாளி" என்றாள் அக்கா. "பயப்படுகதுக்கு எங்களுக்கு எங்க நேரம்? நெல்லக் கோதவா, சொவருக்க அங்கன என்ன நடக்குன்னு பாக்கவா? அதுக்குன்னு ஒருத்தன் அங்க நிக்கணும்."

"வேலப்பன் நிப்பான்."

"வேலப்பன் அண்ணன் தைரியசாலியாக்கும்" என்றாள் அக்கா. வேலப்பனே சிரித்துவிட்டான். "எங்களுக்குத் தைரியசாலி வேண்டாம். அந்தப் பயந்தாங்கொள்ளிதான் வேணும். ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு மட்டம் எங்கள ரோட்டுக்கு ஓட வைக்கட்டு. ஓடுகோம். கால் இருக்குல்லா?"

"ஆமா, ஓடுகோம்" என்றாள் முந்தாநாள் என்னைக் கேலி செய்தவள், வெற்றிலையைத் துப்பிவிட்டு.

சின்ன முதலாளி வண்டிகளைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "நிக்கான் பாரு, பிரேதம் மாதிரி. போய்த் தீயப் போடுடே."

நான் உள்ளே போனேன். மேஸ்திரி பாய்லரின் முன்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வழி விட்டு ஒதுங்கினார். தீ மூட்டி, ஆவி ஏறிய பிறகு, அவர் முன்னால் கண்ணாடியை ஊதினேன். ஆவி சீறியது, தண்ணீர் பீறியது, குபுக்கென்று ஏறி நடுங்கிக்கொண்டு நின்றது. வழக்கம்போல் அவர் மறுபடியும் ஊதிப் பார்ப்பார் என்று தள்ளி நின்றேன். அவர் கையை நீட்டவில்லை. குப்பியைத் திறந்து கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு எந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் போனதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு தடவை ஊதினேன்.